விட்டுப்போன எண்கள்

முகம் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் போதும் சார் என்று ஸ்டேஷனிலிருந்து அந்த எஸ்.ஐ. அம்மா போனில் சொன்னபோது, அது என்னவோ சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துவருகிற காரியம் போலத்தான் கோமதிநாயகத்துக்குப் பட்டது. அஞ்சே நிமிஷம் மேடம், அனுப்பிடறேன் என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்து அரை மணி ஆகிறது. இப்போது மணி ஆறு முப்பத்தைந்து. மரகதம் எத்தனை மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு போனாள் என்று யாருக்குத் தெரியும், அஞ்சரைக்கு அவர் கண் விழித்தபோது பக்கத்துப் பாய் குளிர்ந்து கிடந்தது, வாசல் கதவு ஒரு சாண் திறந்திருந்தது, தாழ்ப்பாள் போட்டேனா போடவில்லையா, போட்டேன், போட்டிருப்பேன், முப்பத்தொன்பது வருஷமாக ராத்திரி நான்தான் போடுகிறேன், போடாமல் படுத்ததாக ஒரு நாள்கூட ஞாபகமில்லை, ஆனால் போட்டதாகவும்தான் ஞாபகமில்லை. கை மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தது. திரையில் ஊர் ஓடியது. கொண்டித்தோப்பு, சவுக்கார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, பாரிமுனை. பதினாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள், அறுபத்தோராயிரம் படங்கள். மழையில் நனைகிற மாடு வேண்டுமா, இருக்கிறது. பூக்கடை வாசலில் கொட்டாவி விடுகிற கூலியாள் வேண்டுமா, அவனுடைய கடைவாய்ப் பல் வரைக்கும் இருக்கிறது. ரிக்‌ஷாவில் தூங்குகிறவன், தூங்குகிறவன்மேல் தூங்குகிற பூனை, ஐஸ் பெட்டி, மீன் கூடை, மசூதி மினார்மேல் புறா, மாதா கோயில் மணிக்கூண்டுமேல் அதே புறா. கட்டின பெண்டாட்டியின் முகம்தான் இல்லை.

இல்லாமல் எப்படிப் போகும் என்று ஆரம்பத்தில் அவருக்குக் கோபம்தான் வந்தது, பயம் அப்புறம்தான் வந்தது. ஆதார் அட்டையில் இருக்கிறது, இருக்கிறது என்றுதான் பேர், அந்தக் கறுப்பு மை அப்பின சதுரத்தைப் பார்த்து மரகதத்தை அடையாளம் சொல்ல அவளைப் பெற்றவளால்கூட முடியாது, அதை முதலிலேயே அனுப்பிப் பார்த்தாயிற்று, இது யாருன்னே தெரியலையே சார், வேற ரீசன்ட்டா இருந்தா குடுங்க என்று அந்த அம்மா நயமாகத்தான் சொன்னார். கல்யாணப் படம் இருக்கிறது, கோவில்பட்டி ஸ்டுடியோவில் எடுத்தது, அதில் இருக்கிற பத்தொன்பது வயசுப் பெண்ணைத் தேடிக்கொண்டு ரோந்து வண்டி போனால் ஊரில் எந்த மூலையிலும் கிடைக்கமாட்டாள். தங்கள் மகனின் முதல் பிறந்தநாளில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது என்று கீழ் வீட்டு டில்லிபாபுவின் சம்சாரம் ஓடிப்போய்த் தேடிக் கொண்டுவந்தாள், பார்த்தால் மரகதம் குனிந்து பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், வகிடு தெரிகிறது, வாளி தெரிகிறது. போனில் ஒன்று கூடவா எடுக்கலை சார் என்று அந்தப் பெண் கேட்டபோது அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போனில் எடுக்கிறதெல்லாம் படமா, அது சொறிந்துகொள்கிற மாதிரி, அரிக்கிற இடத்தில் கை போகும், அவ்வளவுதான் என்று போட்டோ கிளப்பில் மைக் பிடித்துப் பேசினவர் அவர். எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். மரகதம் கடைசி வரிசையில் கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளும் சிரித்திருப்பாள், பார்க்கவில்லை.

என்ன கலர் புடவை என்று ஸ்டேஷனில் அடுத்த கேள்வி கேட்டார்கள். பச்சை என்று சொன்னார். சொன்ன வேகத்தில் அவருக்கே அது உண்மை போல இருந்தது. நேற்று சாயங்காலம் பச்சை கட்டியிருந்தாள், அதை வைத்துச் சொன்னது, ராத்திரி நைட்டிக்கு மாறியிருப்பாளே என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது, நைட்டி என்ன கலர், பூப்போட்டது, எந்தப் பூ. ஒரு சுவரின் மஞ்சளுக்கும் பக்கத்துச் சுவரின் மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிற ஆள். உயரம் கேட்டார்கள், என் தோள் வரைக்கும் என்றார், உங்க தோள் எங்களுக்குத் தெரியாதே சார் என்றார்கள். பேர் கேட்டா சொல்லுவாங்களா என்றார்கள். சொல்லமாட்டாள். ஒன்றரை வருஷமாக மறதி ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருகிறது, போன மாசம் வரைக்கும் பேர் இருந்தது, இப்போது பேர் கேட்டால் கேட்டவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். விலாசம் போய்விட்டது, அவர் பேர் போய்விட்டது, ஏங்க என்கிற ஒரு சொல் மட்டும் தங்கியிருக்கிறது, அதுவும் காய்கறிக்காரரையும் ஏங்க என்றுதான் கூப்பிடுகிறாள். அதனாலதான் சார் படம் முக்கியம், எல்லா ரோந்து வண்டிக்கும் அனுப்பிடுவோம், பார்த்த உடனே பிடிச்சிடுவாங்க என்றார் எஸ்.ஐ. அம்மா. துறைமுகத்துச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இந்த நேரத்தில்தான் வரிசை கட்டி நகரும். ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கிற உயரத்திலிருந்து பார்த்தால் வண்டி மூக்குக்குக் கீழே நிற்கிற ஆள் தெரியமாட்டார், அவரே எடுத்திருக்கிறார் அப்படி ஒரு படம், லாரியின் முகப்பும் கீழே ஒரு நாயும், நாய்க்கு அடுத்த நொடி என்ன ஆயிற்று என்று பார்க்காமல் திரும்பி வந்துவிட்டார், படம் வந்துவிட்டது அல்லவா. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். அடுத்த கோப்பு.

போன் அடித்தது. டில்லிபாபு. மூலக்கொத்தளம் வரைக்கும் போய்விட்டான், பஸ் நிறுத்தத்தில் கேட்டுவிட்டான், பால் பூத்தில் கேட்டுவிட்டான், எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் தூங்குவான், அதையும் விட்டுவிட்டு பைக்கில் சுற்றுகிறான்.

"அம்மா எங்கயும் தூரமா போயிருக்காது சார். அதுக்குன்னு ஒரு இடம் இருக்கும்ல, வாடிக்கையா போற இடம். அத்த யோசிச்சுச் சொல்லுங்க, நான் போய்ப் பார்த்துர்றேன்."

வாடிக்கையாகப் போகிற இடம். கோமதிநாயகம் யோசித்தார். அவளுக்கென்று ஒரு இடம். கோயிலுக்கு அவ்வளவாகப் போகமாட்டாள், அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற பழக்கம் கிடையாது, கடைக்கு அவரே போய்விடுவார், பிள்ளையா குட்டியா அவர்கள் வீட்டுக்குப் போக. அவள் போன இடமெல்லாம் அவர் கூட்டிப்போன இடம். யோசிச்சுச் சொல்றேம்ப்பா என்று போனை வைத்தார். வைத்துவிட்டு மறுபடி மவுஸைப் பிடித்தார்.

எடுக்கவே இல்லையா என்றால், எடுத்தார். இந்த ஊரில் அவர் கேமராவுக்கு முன்னால் அதிகம் நின்ற ஆள் மரகதம்தான். வேறு யாரும் கிட்டேகூட வரமுடியாது. தெருவில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு, சரியான ஆள் சரியான வெளிச்சத்துக்குள் நடந்து வருகிற நேரம் கண் சிமிட்டுகிற நேரம், அப்போது போய்க் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார், ஆகவே முன்கூட்டியே அந்த இடத்தில் யாரையாவது நிறுத்தி வெளிச்சத்தை அளந்து எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துக்கொண்டால் பிறகு தூண்டில் போட்ட மாதிரி காத்திருந்தால் போதும். அந்த யாராவது, மரகதம். கொஞ்சம் இடது பக்கம் போ. முகவாயைத் தூக்கு. கையைத் தொங்கவிடு. அசையாதே. ஒன்று எடுத்துப் பார்ப்பார், முகம் இருட்டாக இருந்தால் ஒரு திருகு, இன்னொன்று எடுப்பார், சரியாக வந்துவிட்டால் ம், போதும். சாம்பல் நிறத்தை வைத்து அளந்தால் வெளிச்சம் பிசகாது என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, அதற்கென்று விற்கிற சாம்பல் அட்டையை வாங்குவானேன் என்று அவளுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பருத்திப் புடவை எடுத்துக் கொடுத்தார். முப்பத்தொன்பது வருஷத்தில் அவராகப் போய்த் தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்த ஒரே புடவை. அவள் அதை விரித்துப் பார்த்துவிட்டு, நல்லாருக்கு, எதுக்கு இந்தக் கலர் என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னார். ஓ என்றாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் கட்டினாள், லைட் புடவை என்று அதற்குப் பேரும் வைத்தாள். எடுத்த டெஸ்ட் படங்களைக் கேமராவிலேயே அழித்துவிடுவார். கார்டில் இடம் வேண்டுமே, தவிர அதெல்லாம் குப்பை, குப்பையை எதற்கு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவர் பொத்தானை அமுக்கி முடிக்கும்வரை அவள் அந்த இடத்திலேயே நிற்பாள். அழிச்சாச்சா என்று கேட்பாள். ஆச்சு, வா என்றால்தான் நகர்வாள். நகர்ந்து ஓரமாக வந்து பையைத் தூக்கிக்கொள்வாள். இனிமே யாராச்சும் வருவாங்க என்பாள். வருவார்கள். மூட்டைக்காரர் வருவார், பள்ளிக்கூடப் பிள்ளை வரும், கைவண்டி வரும், அவள் நின்ற அதே தரையில் அவள்மேல் விழுந்த அதே வெளிச்சத்தில் அவர்கள் நடப்பார்கள், அவர்கள் படமாவார்கள்.

எண்கள் விட்டுவிட்டு இருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். பதினாலு வருஷமாகக் கண்முன்னால் இருந்ததுதான். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானே ஒரு எண் போடும், வரிசையாகப் போடும், அழித்துவிட்டால் அந்த எண் திரும்ப வராது, அப்படியே ஓட்டையாக நிற்கும். 4411, 4412, அப்புறம் 4415. பதிமூன்றும் பதினாலும் மரகதம். 4416, 4417, 4418, 4420. பத்தொன்பது மரகதம். 4431க்கு அப்புறம் 4435. அன்றைக்கு வெளிச்சம் படுத்தியிருக்கிறது போல, மூன்று மரகதம். அவர் படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்களைப் பார்க்க ஆரம்பித்தார். மாட்டுக்கு முன்னால் ஒரு மரகதம். கொட்டாவி விடுகிறவனுக்கு முன்னால் இரண்டு மரகதம். மினார்ப் புறாவுக்கு முன்னால்கூட ஒன்று, புறாவுக்கு எதற்கு என்று ஞாபகமில்லை, ஏதோ காரணம் இருந்திருக்கும். ஊர் முழுக்க அவள் நின்றிருக்கிறாள். ஒவ்வொரு சந்திலும், ஒவ்வொரு சுவரோரத்திலும், முகவாயைத் தூக்கிக்கொண்டு, அசையாமல், கண்ணைக் கூசவைக்கிற வெயிலைப் பார்த்துக்கொண்டு. ஆயிரக்கணக்கில். ஒன்றையாவது விட்டுவைத்திருக்கமாட்டாயா பாவி, ஒரு நாளாவது விரல் மறந்திருக்கக் கூடாதா, எதை எதையோ மறக்கிறாய், பால் அடுப்பில் இருப்பதை மறக்கிறாய், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறாய், இதில் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தம். அழித்ததைத் திரும்ப எடுத்துத் தருகிற கடைகள் ரிச்சி தெருவில் இருக்கின்றன என்று ஒரு எண்ணம் ஓடியது, ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது, கடை இருந்தாலும் அந்தக் கார்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை மாடுகள், எத்தனை மூட்டைகள், அவளுக்குமேல் எத்தனை பேரை எழுதியாகிவிட்டது.

ஒரு படத்தில் நின்றார். சவுக்கார்பேட்டை, தங்கப் பட்டறைச் சந்து, ஒரு கைவண்டி திரும்புகிறது. இடது ஓரத்தில், சட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்ல முடியாத இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. பெரிதாக்கினார். புடவைக் கரை. இன்னும் பெரிதாக்கினார். மூன்று கால் விரல்கள், இரண்டாவது விரலில் மெட்டி. அவ்வளவுதான் மரகதம். அறுபத்தோராயிரத்தில் மூன்று விரல். ஸ்டேஷனுக்கு இதை அனுப்பினால் என்ன சொல்வார்கள். அந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஞாபகம் வரக் கூடாது என்று ஒதுக்கி வைத்த நாள் அது. டெஸ்ட் படத்தை அழித்த கையோடு, ஆச்சு என்று அவளிடம் சொல்லாமலே இந்த வண்டியைத் தொடர்ந்து போனார். வண்டி திரும்பிய இடத்தில் இன்னொரு வெளிச்சம், அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஜிலேபிக் கடை, புகை, புகைக்குள் ஒரு முகம், அவர் போய்க்கொண்டே இருந்தார், நாற்பது நிமிஷம் கழித்துத்தான் பை ஞாபகம் வந்தது, பை ஞாபகம் வந்த பிறகுதான் பையை வைத்திருந்தவள் ஞாபகம் வந்தாள். ஓடிவந்து பார்த்தால் அதே இடத்தில் நிற்கிறாள். நிழல் நகர்ந்துபோய்த் தலைக்கு நேரே வெயில். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது, பக்கத்துப் பட்டறைக்காரர் உட்காரும்மா உட்காரும்மா என்று ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கெஞ்சுகிறார். ஏன் இப்படி நிற்கிறே, நிழலுக்குப் போக வேண்டியதுதானே என்று அவர் நாலு பேர் முன்னால் கத்தினார். நீங்க அழிச்சாச்சுன்னு சொல்லலியே என்றாள். அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. தெரிந்து என்ன செய்தார். ஆட்டோவில் வரும்போதும் திட்டிக்கொண்டேதான் வந்தார், அந்த ஜிலேபிப் புகைக்குள் இருந்த முகம் சரியாக வந்ததா என்று நடுவில் ஒருமுறை கேமராவைத் திறந்து பார்த்தார்.

டாக்டர் சொன்ன பிறகும் போன மாசி வரைக்கும் ஞாயிறுதோறும் கூட்டிப்போனார். அப்புறம் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம்தான், தூங்கிக்கொண்டுதான் இருப்பாள், ஒன்றும் ஆகாது. திரும்பி வந்து பூட்டைத் திறந்தால் கதவுக்கு அந்தப் பக்கம் குளித்துத் தலை வாரி நின்றுகொண்டிருப்பாள், கிளம்பலாமா என்பாள். போயிட்டு வந்தாச்சு மரகதம் என்பார். ஓ என்பாள். எல்லா வாரமும் அந்த ஓ. டில்லிபாபுவுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, பெண்டாட்டியைப் பூட்டிவைத்துவிட்டு ஊரைப் படம் பிடிக்கப் போனேன் என்று அந்த எஸ்.ஐ. அம்மாவிடம் எப்படிச் சொல்வது. நேற்று ராத்திரியும் அந்தப் பூட்டை எடுத்துக் கேமரா பைக்குப் பக்கத்தில் தயாராக வைத்துவிட்டுத்தான் படுத்தார். வைத்தது ஞாபகம் இருக்கிறது. தாழ்ப்பாள் ஞாபகமில்லை.

இன்றைக்கு எங்கே போவதாக இருந்தார். மாசி பிறந்து பத்து நாள் ஆகிறது, ராயபுரத்தில் பழைய கிடங்குக்குப் பின்னால் அந்த மஞ்சள் சுவர்ச் சந்து. வருஷத்தில் மற்ற மாதமெல்லாம் அங்கே வெயில் எட்டிப் பார்க்காது, மாசியில் மட்டும் இரண்டு கட்டடத்துக்கு நடுவே சூரியன் வந்து நிற்கும், காலை ஏழு பத்திலிருந்து ஏழே கால் வரைக்கும், சந்து பொன்னாகிவிடும். அங்கே எடுத்த மூட்டைக்காரர் படத்துக்குத்தான் கிளப்பில் முதல் பரிசு. வெளிச்சத்தை எப்படி சார் இவ்வளவு துல்லியமாகப் பிடித்தீர்கள் என்று மேடையில் கேட்டார்கள். அனுபவம் என்று சொன்னார். நேற்று சாயங்காலம்கூடக் கிளப் நண்பர் ஒருவரோடு போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், நாளைக்கு மஞ்சள் சுவர்தான், லைட் கரெக்டாக வரும், போன மாசி கோட்டை விட்டேன், இந்த மாசி விடமாட்டேன் என்று. மரகதம் அங்கேதான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், உரித்த பூண்டையும் தோலையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள், கேட்டாளா என்றுகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போன மாசிக் கோப்பைத் திறந்தார். 3318, 3319, 3320. காலிச் சுவர், காலிச் சுவர், காலிச் சுவர். அப்புறம் 3330. ஒன்பது எண்களைக் காணவில்லை. சேர்ந்தாற்போல ஒன்பது. அன்றைக்குச் சந்துக்குள் ஒரு ஈ காக்காய் வரவில்லை, வெளிச்சம் நகர நகர அவளை நிற்க வைத்து அளந்துகொண்டே இருந்தார், கடைசியில் வெயில் போய்விட்டது, சே, இன்னிக்கு வேலைக்காகலை, அடுத்த மாசி பார்த்துக்கலாம் என்று எரிச்சலோடு ஒன்பதையும் அழித்தார். ஒன்பதிலும் நன்றாக இருந்தாள். இப்போது தெரிகிறது. பொன் மாதிரி வெளிச்சத்தில் நரைமுடியெல்லாம் ஒளிவிட, அவரை நேராகப் பார்த்துக்கொண்டு, இதோ கண்ணை மூடினால் அந்த ஒன்பதும் வருகிறது, கண்ணைத் திறந்தால் 3320, 3330.

எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று பின்கட்டுக்குப் போனவர், கொடியில் பச்சைப் புடவை தொங்குவதைப் பார்த்தார். நேற்று கட்டியிருந்த அதே பச்சை. அவிழ்த்து மடிக்காமல் கொடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஊரிலிருக்கிற ரோந்து வண்டியெல்லாம் பச்சைப் புடவையைத் தேடிக்கொண்டிருக்கிறது. பீரோவைத் திறந்தார், மேல் தட்டு, கீழ்த் தட்டு, புடவைகளை இழுத்துத் தரையில் போட்டார், நீலம், மெரூன், ஒரு பட்டு, இன்னொரு நீலம். சாம்பல் இல்லை. திரும்ப ஒருமுறை உதறிப் பார்த்தார். லைட் புடவை இல்லை. மணி ஏழு ஆக நாலு நிமிஷம்.

டில்லிபாபுவைப் போனில் கூப்பிட்டு, வந்து ஏத்திக்கோப்பா, எங்கேன்னு தெரிஞ்சு போச்சு என்றார். பைக்கில் பின்னால் உட்கார்ந்த பிறகு தெரிந்ததெல்லாம் தெரியாமல் போக ஆரம்பித்தது. எப்படி அவ்வளவு தூரம் நடந்திருப்பாள், குளியலறைக்கு வழி தெரியாமல் சமையலறையில் நிற்கிறவள், இரண்டு பெரிய சாலையைத் தாண்ட வேண்டும், ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும், அந்தத் துறைமுகச் சாலையைத் தாண்ட வேண்டும். புடவையை எங்காவது அவிழ்த்துப் போட்டிருந்தால், வேறு ஏதாவது சந்தில் நின்றுகொண்டிருந்தால், நிற்க வைத்த சந்துகள் ஒன்றா இரண்டா. லாரிகள் நின்றிருந்தன. வரிசை நகரவில்லை. ஏன் நகரவில்லை, முன்னால் என்ன, முன்னால் என்ன கூட்டம். என்ன டில்லி கூட்டம் அங்கே என்று அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். டீக்கடை சார் அது என்றான் அவன். லாரிகளின் மூக்குக்குக் கீழே தெரிகிற தரையையெல்லாம் பார்த்துக்கொண்டே போனார். ஒரு செருப்பு கிடந்தது, ஆண் செருப்பு. ஒரு சாக்கு கிடந்தது, சாம்பல் நிறத்தில், அது சாக்குதான் என்று தெரிகிறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடவுளே, கேமராவைக் கடலில் போட்டுவிடுகிறேன், அத்தனை படத்தையும் இன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார், வேண்டிக்கொள்ளும்போதே அந்த மூட்டைக்காரர் படத்தை மட்டும் என்று மனசின் ஒரு மூலை முனகியது, தூ என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவருக்கு.

கிடங்கைச் சுற்றிக்கொண்டு பைக் நிற்பதற்குள் இறங்கிவிட்டார். சந்தின் வாயில் நின்று பார்த்தார். வெயில் வந்திருந்தது. தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்குச் சுவர் பற்றி எரிவதுபோல் மஞ்சளாக இருந்தது, அதற்கு இரண்டடி முன்னால், சரியாக அந்த இடத்தில், மரகதம் நின்றிருந்தாள். பூப்போட்ட நைட்டியின் மேலேயே சாம்பல் புடவையைச் சுற்றியிருந்தாள். செருப்பில்லாத கால்களில் சேறு காய்ந்திருந்தது, ஒரு குதிகாலில் ரத்தம். கைகளைத் தொங்கவிட்டு, முகவாயைக் கொஞ்சம் தூக்கி, அவர் எங்கே நின்று எடுப்பாரோ அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை, வர வேண்டியவர் வந்துவிட்டார், அவ்வளவுதான்.

மரகதம் என்றார். அவள் அசையவில்லை. வாம்மா வூட்டுக்குப் போலாம் என்று டில்லிபாபு கிட்டே போய்க் கையைப் பிடித்தான். அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு பழையபடி தொங்கவிட்டாள். முழங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருப்பது புடவைக்குமேலேயே தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. எடுக்காமல் வரமாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. கேமரா வீட்டில், பூட்டுக்குப் பக்கத்தில். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எங்கே அமுக்குவது என்று டில்லிபாபுவிடம் கேட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அமுக்கினார். சுவர் வெளுத்துப்போய்த்தான் வந்தது, சட்டம் கோணல், கிளப்பில் யாராவது கொண்டுவந்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். முகம் தெரிந்தது. நெற்றிச் சுருக்கம், வெடித்த உதடு, இடது புருவத்தில் ஒரு தழும்பு, அது எப்போது வந்தது. போன் எழுப்பிய சின்னச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"அழிச்சாச்சா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார், இல்லை மரகதம், இதை அழிக்கமாட்டேன், இனி எதையும் அழிக்கமாட்டேன். சொன்னால் நிற்பாள். வெயில் நகரும், உச்சிக்கு வரும், அந்தக் கால்கள் மடங்கி விழுகிறவரைக்கும் நிற்பாள், அவர்தான் அப்படிப் பழக்கியிருக்கிறார். அவள் காத்திருந்தாள். டில்லிபாபு ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆச்சு. வா" என்றார் கோமதிநாயகம்.

அவள் உடம்பு தளர்ந்தது. வெளிச்சத்திலிருந்து விலகி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக ஓரத்துக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் காலடியில் கேமரா பை இருக்கும் இடத்தைப் பார்வையால் தேடினாள், பை இல்லாததால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு காலியாக எரிந்துகொண்டிருந்த சுவரைக் காட்டினாள்.

"இனிமே யாராச்சும் வருவாங்க, எடுத்துக்குங்க" என்றாள்.

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டு அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.